மறைநிலைச் சாளரம் மட்டும் போதாது
இணையத்தில் நம் தனியுரிமையைக் காக்க உலாவியின் மறைநிலைச் சாளரமே (incognito) போதும் என்று ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. அது நம் கணினியில் உலாவல் வரலாற்றைச் சேமிக்காமல் விடுகிறதே தவிர, இணையச் சேவை நிறுவனத்திடமிருந்தோ நாம் செல்லும் தளத்திடமிருந்தோ நம்மை மறைப்பதில்லை. குக்கீகளை (தளங்கள் நம் உலாவியில் சேமிக்கும் சிறு கோப்புகளை) அழித்த பின்பும் திரை அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து ஒருவரை அடையாளம் காணும் முறைதான் எனக்குப் பெரிய கவலை. தனியுரிமைக்காகவே உருவாக்கப்பட்ட டோர் உலாவியும், 2023இல் வெளியான முல்வாட் உலாவியும் பயனர்கள் அனைவரையும் ஒரே மாதிரி தோன்றச் செய்து இதைத் தடுக்க முயல்வதால், அவற்றில் கூடுதல் நீட்சிகளை, அதாவது உலாவியுடன் இணைக்கும் துணை நிரல்களை, சேர்ப்பது அந்தப் பாதுகாப்பையே குலைத்துவிடும். அன்றாட வேலைக்கு, ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனியே பிரித்து வைக்கும் வசதியை 2022 முதல் இயல்பாகவே தரும் ஃபயர்பாக்ஸ் உலாவியையும், அதனுடன் விளம்பரங்களையும் கண்காணிப்பு நிரல்களையும் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சியையும் பரிந்துரைக்கிறேன்.