வாசம் போனால் மண் சுத்தமா?

அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் இந்நேரம் யாரும் இருக்க மாட்டீர்கள். டெல்டாவில் எண்ணெய்க் குழாய் உடைந்த வயலில் ஒருவர் கைப்பிடி மண்ணை எடுத்து மோந்து பார்த்து, "வாசமே இல்ல, சுத்தமாயிடுச்சு" என்று சிரிக்கிறாரே, அதேதான். கீழே ஒரே வரி எழுதினேன்: உலோகத்தைச் சோதித்தீர்களா? வந்த பதில்களில் நாகரிகமானது இது: "கொடைக்கானல்காரனுக்கு வயலைப் பத்தி என்ன தெரியும், போய் கேரட் பிடுங்கு."

பிடுங்குகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள்.

கச்சா எண்ணெயில் நிக்கல், வனேடியம் என்ற உலோகங்கள் உண்டு. கிணறு தோண்டும்போது இறக்கும் சேற்றுக் கலவையில் பேரியம் உண்டு. எண்ணெயோடு மேலே வரும் உப்புத் தண்ணீரில் ஈயம், காட்மியம்கூட இருக்கலாம். எண்ணெயையாவது நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத் தின்னும், கொஞ்சம் ஆவியாகும். உலோகத்தை எதுவும் தின்று தீர்க்காது. இடம் மாறும், வடிவம் மாறும், இல்லாமல் போகாது. காட்மியத்தை நெல் வேரில் உறிஞ்சி அரிசி வரைக்கும் ஏற்றிவிடும். மூக்குக்கு இதெல்லாம் தெரியாது அண்ணே.

எங்கள் சித்தப்பா இங்கே கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையில் வேலை பார்த்தார். ஒருநாள் சின்ன சீசாவில் பாதரசம் கொண்டுவந்தார். தட்டில் ஊற்றி, விரலால் உடைத்து உடைத்துச் சேர்த்து விளையாடினோம். என்ன அழகு! வாசமா? துளிகூட இல்லை. 2001இல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லு குவிந்து கிடந்தது வெளியே வந்த பிறகுதான் ஊருக்கு உறைத்தது. ஆலையை மூடினார்கள். 2003இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குப் போனது. முடிந்ததா? ஆலை மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் இருக்கலாமா, 1 மில்லிகிராமுக்கு இறக்க வேண்டுமா என்று அப்புறமும் வருடக்கணக்கில் சண்டை. பக்கத்துப் பாம்பாறு கும்பக்கரைக்குத்தான் இறங்குகிறது, அருவியில் குளிக்கிறவர்கள் கவனிக்க.

எண்ணெய் கசிந்து மாசான நைஜீரியாவின் ஓகோனிலாந்தில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஆய்வு செய்து 2011இல் அறிக்கை தந்தது. சுத்தம் செய்து முடித்ததாக ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் பதிவில் இருந்த 15 இடங்களைப் பார்த்தார்கள். 10இல் மாசு வரம்பைத் தாண்டியே இருந்தது. 'முடிந்தது' என்று எழுத ஒரு பேனா போதும்.

கமென்டில் மற்றவர்கள் கேட்டதற்கும் பதில். "உன் ஜீப் பன்னீரிலா ஓடுது?" டீசலில்தான். டீசல் போடுகிறவன் மண்ணைச் சோதிக்கச் சொல்லக் கூடாதா? "எல்லா மண்ணிலும் உலோகம் இருக்கும்." இருக்கும். அதனால்தான் கிணறு தோண்டுவதற்கு முன் எடுத்த அளவைக் காட்டச் சொல்கிறேன்.

"அப்போ வேலை வாய்ப்பு வேண்டாமா?" இதற்கு மட்டும் எனக்கு நிதானமாகப் பதில் வராது. சித்தப்பாவுக்கும் வேலை வாய்ப்புதான் கிடைத்தது. பிறகு சிறுநீரகம் போனது. டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பீங்களா?" வாழ்நாளில் தொடாத மனுஷன். சித்தி அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். பாதரசத்தால்தான் வந்தது என்று எங்களால் நிரூபிக்க முடியாது. எவ்வளவு வசதி பாருங்கள், யாராலும் நிரூபிக்க முடியாது.

மண்ணை மோந்த அண்ணனுக்கு: அந்த வயலின் மண், கிணற்றுத் தண்ணீர், நெல் மூன்றிலும் நிக்கல், ஈயம், காட்மியம், பேரியம் எவ்வளவு என்று லேப் கொடுத்த தாள் இருந்தால் கமென்டில் போடுங்கள், நானே பகிர்கிறேன். இல்லையென்றால் வீடியோவை எடுத்துவிடுங்கள். தாள் இல்லாமல் திட்ட வருகிறவர்களை இன்றிலிருந்து பிளாக் செய்கிறேன்.