92 மதிப்பெண் ஒயினும் சுண்ணாம்பு கூடிய பதநீரும்

சென்ற வாரம் வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றிலிருந்து பாளையங்கோட்டைத் தம்பி ஒருவர் ஓர் ஒயின் புட்டியின் படத்தை அனுப்பி, "அண்ணாச்சி, கழுத்துல 92னு ஒட்டியிருக்கான், நம்பி வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். பயணிகள் கப்பலில் 11 ஆண்டுகள் ஒயின் பரிமாறியவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. ஒருமுறை விரிவாகவே எழுதிவிடுகிறேன். ஒயினை ருசிபார்த்துத் தரம் சொல்வதில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. அந்தத் தரத்தை நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணாகச் சுருக்குவதில் துளியும் இல்லை.

நம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஓலைப் பட்டையில் பதநீர் குடித்தால், முதல் மடக்கிலேயே "சுண்ணாம்பு கூடிப்போச்சு" என்று சொல்லிவிடுவார். பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்பு அளவு மீறிவிட்டது என்பது அதன் பொருள். குறை, அதன் காரணம், நாளைக்குப் பனையேறி செய்ய வேண்டிய திருத்தம் ஆகிய மூன்றும் அந்த இரண்டு சொற்களில் அடங்கிவிடுகின்றன. அவரே "இந்தப் பதநீருக்கு 84" என்று சொல்லியிருந்தால் பனையேறி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

நூறு மதிப்பெண் முறையை உலகெங்கும் பரப்பியவர் ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க வழக்கறிஞர். 1978இல் அவர் தொடங்கிய 'தி வைன் அட்வகேட்' இதழின் அளவுகோல் பூச்சியத்தில் அல்ல, 50இல் தொடங்குகிறது. தேர்வுக்கு வந்து உட்கார்ந்ததற்கே பாதி மதிப்பெண் போடும் வாத்தியார் எனக்கு வாய்க்கவில்லை. அதுகூடப் போகட்டும். கலிபோர்னிய மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில், ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒயினை நடுவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை கொடுத்துச் சோதித்தார் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஒயின் தயாரிப்பாளர். 2008இல் வெளியான அவருடைய ஆய்வின்படி, நடுவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரால்தான் மூன்று முறையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மதிப்பெண் போட முடிந்தது. அப்படியிருக்க, 91க்கும் 92க்கும் இடையிலுள்ள அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு நம் தம்பி எதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும்?

கண்ணும் நம்மை ஏமாற்றும். பிரான்சின் போர்தோவில் ஒயின் கலை பயின்ற 54 மாணவர்களிடம், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை வருணித்தார்கள் என்று 2001இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இதைப் படித்துவிட்டு ருசிபார்ப்பதே பித்தலாட்டம் என்று முடிவுகட்டுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1976 மே 24 அன்று பாரிசில், பெயர்ச்சீட்டை மறைத்து நடத்திய போட்டியில், பிரெஞ்சு நடுவர்களே தங்கள் நாட்டுப் புகழ்பெற்ற புட்டிகளைத் தாண்டிக் கலிபோர்னிய ஒயின்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள். பெயர் மறைந்தால் நாக்கு நேர்மையாகிறது என்பதற்காகவே அந்த நாளை நான் மதிக்கிறேன். அன்றும் மதிப்பெண் போட்டார்கள்தான். ஆனால் சிவப்பு ஒயின்களில் முதலிரண்டு இடங்களுக்கு இடையே இருந்த வித்தியாசம் மிகச் சிறியது.

எண் வேண்டாமென்றால் சொல் வேண்டும். அங்கேதான் நம்மவர்கள் தயங்குகிறார்கள். ஐரோப்பியர் எழுதிவைத்த பழப் பெயர்களை, அந்தப் பழங்களைத் தின்னாமலேயே ஒப்பிக்கிறார்கள். உண்மையில் சிவப்பு ஒயினை எடைபோடத் தமிழ் நாக்குக்குப் பழக்கம் அதிகம். ஒயின் உலகம் டானின் என்று பாடம் நடத்தும் பொருளின் உணர்வை, நாம் துவர்ப்பு என்று அறுசுவைக்குள்ளேயே வைத்திருக்கிறோம். டானின் எச்சிலிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வாய் உலர்ந்து இறுகுகிறது. அது சுவை அல்ல, தொடுவுணர்ச்சி என்று அறிவியலாளர் பலர் சொல்வார்கள். இருக்கட்டும். இத்தாலியின் நெபியோலோ திராட்சையில் செய்த இளம் ஒயினைக் குடித்துவிட்டுக் கப்பலில் நான் குறிப்பேட்டில் எழுதியது "கொட்டைப்பாக்கு" என்ற ஒரே சொல்தான். பாக்கு மென்ற எவருக்கும் அந்த ஒயின் எப்படி இருந்திருக்கும் என்பது புரியும்.

மணமும் அப்படியே. ஷிராஸ் என்ற கருந்திராட்சையில் செய்த ஒயினில் மிளகு வாசனை வருவது கற்பனை அல்ல. மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற அதே வேதிப்பொருள் அந்தத் திராட்சையிலும் இருக்கிறது. பிரான்சின் ஜூரா பகுதியில் விளையும் மஞ்சள் ஒயினை முகர்ந்தால் வெந்தயம் வறுத்த அடுக்களை நினைவுக்கு வரும். இரண்டிலும் மணப்பது சோட்டலோன் என்ற வேதிப்பொருள். நம் வீடுகளுக்குக் கம்பத்திலிருந்து வரும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகையைச் சேர்ந்தது. அதை முகர்ந்து பழகியவருக்கு மஸ்கட் ஒயினின் வாசனை அந்நியமாக இராது. வேடிக்கை என்னவென்றால், முதல் மழைக்கு எழும் மண்வாசனைக்கு நாம் மயங்குகிறோம், அதற்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள் ஒயினில் தென்பட்டால் ஒயின் உலகத்தார் குறை என்று ஒதுக்குகிறார்கள்.

இன்னொன்று. சிவப்பு ஒயினை "அறை வெப்பநிலையில்" பரிமாற வேண்டும் என்பது குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளுக்காகச் சொன்ன வழக்கு. 16 முதல் 18 டிகிரி என்பதே அதன் பொருள். சித்திரை மாதத்துத் திருநெல்வேலி அறையில் வைத்துக் குடித்தால் சாராய நெடிதான் முன்னே வரும்.

தம்பிக்கு நான் அனுப்பிய பதில் சுருக்கமானது: விலை கட்டுப்படியானால் வாங்குங்கள், கழுத்துச் சீட்டைக் கடையிலேயே கிழித்துவிடுங்கள், ஊருக்கு வந்ததும் வெயிலில் நிற்கும் காரில் புட்டியை விட்டுவைக்காதீர்கள், குடிப்பதற்கு முன் அரைமணி நேரம் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், குடித்த பிறகு உங்களுக்கு எது நினைவுக்கு வந்தது என்று எழுதி அனுப்புங்கள். நேற்று இரவு பதில் வந்தது: "நாவப்பழம் அண்ணாச்சி. ஆனா கொஞ்சம் செங்காய்."