பழைய பேண்ட்-இன்-எ-பாக்ஸ் மேல் ஏன் இத்தனை ஏக்கம்?

வாத்தியம் வாசிப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து மென்பொருள் பற்றிப் பேச ஆரம்பித்தால், யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார்: "என்ன இருந்தாலும் அந்தப் பழைய பேண்ட்-இன்-எ-பாக்ஸ் மாதிரி வராது." மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டுகிறவன்தான். ஆனால் எது வராது என்று கேட்டுப் பாருங்கள், பதில் குழம்பிவிடும். சத்தம் நன்றாக இருந்ததா? இல்லவே இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1990ல் கனடாவின் பி.ஜி. மியூசிக் நிறுவனம் அட்டாரி எஸ்.டி.க்கும் டாஸ் கணினிக்கும் வெளியிட்ட மென்பொருள் அது. நீங்கள் பாட்டின் கார்ட்ஸை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளின் பெயர்களை, டைப் செய்வீர்கள். ஜாஸ், போசா நோவா என்று ஒரு ஸ்டைலைத் தேர்ந்தெடுப்பீர்கள். பேஸ், டிரம்ஸ், பியானோ பகுதிகளை அதுவே உருவாக்கிப் பின்னணி வாசிக்கும். அவ்வளவுதான்.

அதற்கு முன்பும் பின்னணிக்கு வழி இருந்தது. அமெரிக்க ஜாஸ் ஆசிரியர் ஜேமி ஏபர்சோல்ட் 1967லேயே கூட வாசிப்பதற்கான இசைத்தட்டுகளை ஆரம்பித்துவிட்டார். ஒரு பக்க ஸ்பீக்கரில் பேஸும் டிரம்ஸும், மறுபக்கம் பியானோவும் டிரம்ஸும்; பியானோ வாசிப்பவர் அந்தப் பக்கத்தை அணைத்துவிட்டுத் தானே வாசிக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் சுருதியும் வேகமும் தட்டில் பதிந்தது பதிந்ததுதான். பேண்ட்-இன்-எ-பாக்ஸ் வந்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்தது. கஷ்டமான எட்டு பார்களை (தாளச் சுற்றுகளை) மட்டும் மெதுவாக, பன்னிரண்டு சுருதியிலும், அலுக்கும்வரை திருப்பித் திருப்பி ஓட்டலாம். கணினி அலுத்துக்கொள்ளாது, காபி கேட்காது.

திரையும் எளிமை. கட்டம் கட்டமாகப் பார்கள். டி மைனர் செவன் என்று அடித்து என்டர் தட்டினால் கர்சர் இரண்டு பீட் தள்ளிப் போய் நிற்கும். ஜி செவன், என்டர். சி மேஜர் செவன், என்டர். கொஞ்சம் பழகிவிட்டால் ஒரு முழுப் பாட்டின் கார்ட்ஸையும் காகிதத்தில் எழுதுவதைவிட வேகமாக அடித்துவிடலாம். சேமித்தால் சில கிலோபைட்தான் வரும், ஏனென்றால் கோப்பில் ஒலியே கிடையாது. பாட்டின் எலும்புக்கூடு மட்டும்.

அப்புறம் அது வாசித்த விதம். ஸ்டைல் என்பது சின்னச் சின்ன மிடி துணுக்குகளின் (ஒலி அல்ல, எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு நேரம் என்ற குறிப்புகளின்) தொகுப்பு: ஒரு பீட், இரண்டு பீட், நாலு பீட், எட்டு பீட் நீளத்தில். பெரும்பாலும் சி செவன் கார்டின் மேல் வாசித்து வைத்தவை. எந்தத் துணுக்கு எத்தனை அடிக்கடி வரலாம் என்பதற்கு ஒரு எடை உண்டு. நீங்கள் அடித்த கார்டுக்குத் தக்கபடி துணுக்கை எடுத்து, சுரங்களை மாற்றி, அடுத்ததோடு ஒட்டும். அதனால்தான் ஒரே பாட்டை இரண்டாம் முறை ஓட்டினால் பேஸ் வேறு வழியில் நடந்தது. சில சமயம் அசத்தலாக. சில சமயம், மேடையில் எந்த பேஸ் வாசிப்பவரும் துணிய மாட்டாத கோணல் தாவலோடு. அந்தத் தாவல் வரும்போது சிரிப்போம், ஆனால் காது விழித்துக்கொள்ளும்.

சத்தத்துக்கு வருகிறேன். மிடி குறிப்புகளை நல்ல வாத்திய ஒலியாக மாற்றித் தரும் ரோலண்ட் சவுண்ட் கேன்வாஸ் மாதிரி ஒரு கருவி வைத்திருந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். வாத்திய ஒலியைச் செயற்கையாக உருவாக்கும், கணினியின் மலிவான எஃப்.எம். ஒலிச்சில்லை நம்பியவர்களுக்கு டிரம்ஸ் என்பது தகர டப்பா. என் கருத்தில் நன்மையே அங்கேதான் இருந்தது. பின்னணி அத்தனை மெலிதாக இருந்தபோது, ஸ்விங் (ஜாஸுக்கே உரிய அந்தத் துள்ளல்) வேண்டுமென்றால் நாம்தான் கொண்டுவர வேண்டும். நம் தாளம் கொஞ்சம் இழுத்தால் உடனே தெரியும். மறைய இடமே இல்லை.

2007ஐ ஒட்டி அசல் கலைஞர்களின் ஒலிப்பதிவுகளைத் துணுக்குகளாக வெட்டி ஒட்டும் வசதி வந்தது: முதலில் ரியல்டிரம்ஸ், பிறகு ரியல்டிராக்ஸ். முதல்முறை கேட்டபோது உண்மையிலேயே அசந்துபோனேன். பிரஷ்ஷால் தோலை வருடும் சத்தம், கிடார் கம்பியில் விரல் உரசும் சத்தம் எல்லாம் இருக்கிறது. ஆனால் தேர்ந்த டிரம்மர் பின்னால் வாசித்தால் நம் தடுமாற்றம்கூட ஸ்டைலாகக் கேட்கிறது. நாம் வாசிப்பது நன்றாக இருக்கிறது என்று நம்ப வைத்துவிடுகிறது. பாட்டு தயாரிப்பவருக்கு அது வரம். பயிற்சி செய்கிறவருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். இன்னொன்று, ஒலிப்பதிவை அது பதிவான வேகத்திலிருந்து ரொம்பத் தள்ளி இழுத்தால் ஒலி குழைந்துவிடும். மிடிக்கு அந்தத் தொல்லை இல்லை. நாற்பதானாலும் முந்நூறானாலும் அதற்கு ஒன்றுதான்.

அதற்காக, புதியதெல்லாம் குப்பை என்று பாடுகிற கூட்டத்தில் என்னைச் சேர்க்காதீர்கள். பழைய பதிப்புகளின் பியானோ வாய்சிங், அதாவது கார்டின் சுரங்களை அடுக்கும் விதம், ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும். நீங்கள் சோலோவில் உச்சத்துக்குப் போனாலும் டிரம்ஸ் கவனிக்காது. முன்கூட்டியே குறித்த இடத்தில்தான் ஃபில் (இடைவெளியை நிரப்பும் சின்ன உருட்டல்) அடிக்கும். ஏக்கத்தில் கணிசமான பங்கு நம் இருபது வயதுக்கானது என்பதையும் ஒப்புக்கொள்ளலாம். அன்று மாலை முழுவதும் வாசிக்க நேரம் இருந்தது. இன்று கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் பாதி, எந்த டிரம்மர், எந்த கிடார் என்று பட்டியலை உருட்டுவதிலேயே போகிறது. முழுத் தொகுப்பு ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய வந்தால் வேறென்ன நடக்கும்?

ஆகவே பழைய பதிப்பை ஓட்ட டாஸ் எமுலேட்டரை (பழைய கணினி போல நடிக்கும் மென்பொருளை) தேடி அலையும் நண்பர்களுக்கு என் யோசனை வேறு. மிடி ஸ்டைல்கள் புதிய பதிப்பிலும் இருக்கின்றன. ஒன்றை எடுங்கள், பியானோவை மியூட் செய்யுங்கள், பேஸும் டிரம்ஸும் போதும். டெம்போவைக் கூச்சப்படாமல் குறையுங்கள். மிக்சர் பக்கம் போகவே வேண்டாம். உங்கள் பழைய பாட்டுக் கோப்புகளையும் அது திறக்கும். சரி, அந்த ஃப்ளாப்பியைப் படிக்க ஒரு டிரைவ் கிடைக்க வேண்டும், அது உங்கள் பாடு.