வ.உ.சி. செக்கு இழுத்தது அந்தமானிலா?

'அந்தமான் சிறையில் செக்கிழுத்த செம்மல்' என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. செக்கு உண்மை, அந்தமான் தப்பு. 1908-ல் அவருக்கு விதிக்கப்பட்டது தீவாந்தர தண்டனை, அதாவது கடல் கடந்து தீவுக்கு அனுப்பும் தண்டனை. குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும். ஆனால் வ.உ.சி. கப்பலேற்றப்படவே இல்லை. கோவையிலும் கண்ணூரிலும் சிறையிருந்து, 1912 டிசம்பரில் விடுதலையானார்.

செக்கு கோவைச் சிறையில். அவரே செய்யுளாக எழுதிய சுயசரிதையில் இருக்கிறது: முதலில் சணல் கிழிக்கும் இயந்திரம் சுற்றியதில் கைத்தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அதைப் பார்த்த ஜெயிலர், மாட்டுக்குப் பதிலாகச் செக்குத் தள்ள வெயிலில் அனுப்பினான். 'அவனுடைய அன்புதான் என்னே' என்று கேலி வேறு செய்கிறார் மனுஷர். பட்டத்தை எல்லோரும் சொல்கிறோம், புத்தகத்தைத்தான் புரட்டுவதில்லை.