மாமா, இந்த ஐபிஓவில் போடலாமா?

அக்கா மகன் நேற்று ராத்திரி போன் செய்தான். "மாமா, நாளைக்கு ஒரு ஐபிஓ முடியுது. ஏஐ கம்பெனி. போட்டுடலாமா?" ஐபிஓ என்றால் ஒரு கம்பெனி முதன்முறையாகத் தன் பங்கைப் பொதுமக்களுக்கு விற்பது. அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்டேன். கிரே மார்க்கெட்டில், அதாவது பங்கு சந்தைக்கு வரும் முன்பே வெளியில் நடக்கும் வியாபாரத்தில், ஐபிஓ விலைக்கு மேல் எவ்வளவு பிரீமியம் என்று பதில் சொன்னான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமாகச் சேர்த்த பணம் அது. அதனால்தான் அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். புதிய தொழில்நுட்பக் கம்பெனியின் பங்கை ஐபிஓவிலேயே வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்குத் தேவையில்லை. குறைந்தது நாலு காலாண்டுக் கணக்கு வெளிவரட்டும். அப்புறம் பார்க்கலாம்.

ஜொமேட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலையில் ஒரு பங்கு 76 ரூபாய்க்கு வந்தது. சந்தையில் முதல் நாளே 116-இல் தொடங்கி, நவம்பரில் 160-ஐத் தாண்டியது. 2022 ஜூலை கடைசியில் அதே பங்கு 40 ரூபாய்க்குப் பக்கத்தில் கிடந்தது. ஐபிஓவுக்கு முன்பே பங்கு வைத்திருந்தவர்கள் ஒரு வருஷம் விற்கக் கூடாது என்ற லாக்-இன் அப்போதுதான் முடிந்திருந்தது. கம்பெனியின் நஷ்டம் எப்போது தீரும் என்ற கவலை ஏற்கெனவே இருந்தது. பூட்டு திறந்ததும் விற்பவர்கள் வரிசை கட்டினார்கள். பிறகு 2023 ஜூன் காலாண்டில் முதன்முறையாக லாபம், 2 கோடி ரூபாய். அந்தச் செய்தி வந்த ஆகஸ்டில் பங்கு 90 ரூபாய் சொச்சம். 2024 டிசம்பரில் 300 வரை போனது.

76-க்கு வாங்கியவரும் சம்பாதித்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடுவில் பாதிப் பணம் கரைந்ததைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா இருந்திருக்க வேண்டும். எத்தனை பேரால் முடியும்? லாபத்தைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்கியவர் பங்குக்கு இருபது ரூபாய் போல அதிகம் கொடுத்தார், அவ்வளவுதான்.

அதே வருஷம் நவம்பரில் பேடிஎம் வந்தது. 18,300 கோடி ரூபாய், அதுவரை நாட்டிலேயே பெரிய ஐபிஓ. 2,150 ரூபாய்ப் பங்கு முதல் நாள் முடிவில் 1,564. ஒரு லாட், அதாவது குறைந்தபட்சம் கேட்க வேண்டிய 6 பங்குக்கு 12,900 கட்டியவரிடம் சாயங்காலம் 9,400 கூட இல்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரியும். ஜொமேட்டோ திரட்டிய 9,375 கோடியில் 9,000 கோடி கம்பெனிக்குள் வந்தது. பேடிஎம்மில் 10,000 கோடி ஓஎஃப்எஸ், அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள் விற்றுவிட்டு எடுத்துக்கொண்ட பணம். ஓஎஃப்எஸ் இருந்தாலே தப்பு என்று ஆகாது. ஆனால் உள்ளே இருந்து எல்லாம் தெரிந்தவர் விற்கிறார், வெளியே இருந்து எதுவும் தெரியாத நான் வாங்குகிறேன் என்றால் ஒரு நிமிஷம் நிற்க வேண்டாமா? ஐபிஓவுக்காகக் கம்பெனி வெளியிடும் விவரப் புத்தகமான பிராஸ்பெக்டஸில் நான் முதலில் புரட்டுவது யார் விற்கிறார்கள் என்ற பக்கத்தைத்தான்.

"இத்தனை மடங்கு விண்ணப்பம்" என்ற செய்தியையும் நம்பாதீர்கள். போதிய லாபம் காட்டாத கம்பெனி வந்தால் நம்மைப் போன்ற சின்ன முதலீட்டாளர்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. நம்மைக் காப்பாற்ற வைத்த விதி அது. பானை சின்னது, அதனால் சீக்கிரம் நிரம்புகிறது. அதைப் பார்த்துவிட்டு நாம் கிராக்கி என்று நினைக்கிறோம்.

2021-இல் என் சகலை இப்படித்தான் ஒரு கம்பெனிக்குப் போட்டார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த பணம். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலில் கணக்கு எழுதியிருந்தார்: லாட், பிரீமியம், கடைசியில் லாபம் என்று போட்டு இரண்டு கோடு. பத்து மணிக்கு விலை வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். ஃபீஸை நகையை அடகு வைத்துத்தான் கட்டினார்கள். எனக்கு அந்தத் தாள் இன்னும் கண்ணில் நிற்கிறது.

"அப்போ இன்ஃபோசிஸ்? அன்னைக்கே வாங்கினவங்க கோடீஸ்வரன் ஆகலையா?" என்று மருமகன் கேட்டான். எல்லா வீட்டிலும் வரும் கேள்விதான். 1993-இல் இன்ஃபோசிஸ் 95 ரூபாய்க்கு வந்தபோது வாங்க ஆளில்லை, விண்ணப்பம் முழுசாக நிரம்பவே இல்லை. ஆனால் அது அன்றைக்கே லாபம் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி. கூட்டமும் பிரீமியமும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை, கணக்கு காட்டியது. இன்றைக்கு வரும் கம்பெனிகளில் ஆரம்ப லாபத்தைப் பெரிய முதலீட்டாளர்கள் முன்பே எடுத்துவிடுகிறார்கள். பேடிஎம்மின் தாய்க் கம்பெனி தொடங்கியது 2000-இல். நம்மிடம் வந்தபோது அதன் மதிப்பு கிட்டத்தட்ட 1.39 லட்சம் கோடி. அதை "ஆரம்பத்திலேயே" வாங்கியது என்று எப்படிச் சொல்வது?

கடைசியில் அவனிடம் இரண்டு தேதியைக் கேட்டேன்: லாக்-இன் முடிவது எப்போது, நாலாவது காலாண்டுக் கணக்கு வருவது எப்போது. தெரியாது என்றான். தேடிப் பார்த்துக் குறித்து வை, அன்றைக்கும் இந்தக் கம்பெனி பிடித்திருந்தால் உன் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கை மட்டும் போடு, நானும் கூட உட்கார்ந்து படிக்கிறேன் என்றேன்.

காலையில் மெசேஜ் வந்திருந்தது. "போடல மாமா. பிராஸ்பெக்டஸ் 400 பக்கத்துக்கு மேல இருக்கு, ஞாயித்துக்கிழமை வரேன்."