தட்டோட்டின் மேல் பூசும் ரப்பர் பெயின்ட் ஒழுகலை நிறுத்துமா?

மொட்டை மாடியில் பதித்த தட்டோடுகளின் மேல் ரப்பர் பெயின்டை இரண்டு கை அடித்துவிட்டால், எதையும் உடைக்காமலே ஒழுகல் நிரந்தரமாக நின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி சரியன்று.

நம் ஊர் மாடிகளில் கான்கிரீட் தளத்திற்கும் தட்டோட்டிற்கும் இடையே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு ஒன்று உண்டு. தட்டோட்டு இணைப்புகளிலும் கைப்பிடிச் சுவரின் அடியிலும் மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றியும் விழுந்த வெடிப்புகளின் வழியே இறங்கும் நீரை அந்த அடுக்கு பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்வதால், மழை விட்டுச் சில நாள் கழித்தும் கூரையின் உட்புறம் கசிகிறது. மேலே பெயின்ட் அடித்து மூடினால் உள்ளே தேங்கிய ஈரம் வெளியேற வழியின்றி, வெயிலில் ஆவியாகிப் பூச்சைக் கொப்பளிக்கச் செய்யும். கீழே இறங்கும் ஈரமோ கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது.

பெயின்ட் முற்றிலும் வீண் என்பதல்ல. உலர்ந்த, நீர் வடியும் வாட்டம் (சரிவு) சரியாக உள்ள தளத்தில் அது சில ஆண்டுகள் உதவும். ஆனால் ஊறிப்போன அடுக்கைத் தளம் வரை அகற்றி, வெடிப்புகளை அடைத்து, சுவரும் தளமும் சேரும் மூலையைக் கலவையால் சரிவாக்கி, நீர்த்தடுப்புப் பூச்சைச் சுவரிலும் ஓரளவு ஏற்றிய பின், 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கசிகிறதா என்று பார்த்துவிட்டே மேலடுக்கை மீண்டும் போட வேண்டும்.