புது இனம் என்றால் புதுசாகப் பிறந்தது அல்ல

அண்ணா, கடலடி மணலில் கண்டுபிடித்த இறால், நண்டுக்கு உறவான பொடி உயிரிகள் கடல் மாசால் இப்போதுதான் உருவானவை என்று உங்கள் பதிவில் போட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லைங்க. ‘புது இனம்’ என்றால் இதுவரை யாரும் விவரித்துப் பெயர் வைக்காதது, அவ்வளவுதான். ஹார்பாக்டிகாய்டு என்கிற வகை மாதிரியான இந்தப் பொடி உயிரிகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, நுண்ணோக்கியில் ஒவ்வொரு காலாகப் பிரித்து வரைந்து பார்த்தால்தான் வேறு இனம் என்றே தெரியும், அதனால்தான் இத்தனை காலம் கண்ணில் படவில்லை. நம்ம சத்தியமங்கலம் காட்டில் திரிகிற ஆசிய யானைக்கு லின்னேயஸ் என்கிற ஸ்வீடன் அறிவியலாளர் அறிவியல் பெயர் வைத்தது 1758இல், அதுக்கு முன்னாடி யானையே இல்லையா என்ன? நீங்களே பார்க்கலாம்: வோர்ம்ஸ் (WoRMS) என்கிற இணையக் கடலுயிரிப் பதிவேட்டில் (இலவசம்தான்) இனத்தின் பெயரைத் தட்டினால் பக்கத்தில் வருவது பெயர் வெளியான ஆண்டு. அப்புறம் அந்த இனத்தை முதலில் விவரித்த கட்டுரையில் மாதிரி சேகரித்த தேதியைப் பாருங்கள், பல நேரம் அது சில வருடங்கள் முந்தியே இருக்கும்.